அய்யா பேசட்டும், நாம் கேட்போம்

அய்யா உண்டு.



நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊர் நிழல்தாங்கலில் விளக்கேற்றுவது, முற்றம் பெருக்குவது, தர்மத்துக்கு அரிசி களைவது என்று இருபது வருடத்துக்கும் மேலாகப் பணிவிடை செய்து வருகிறேன். தாங்கலுக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அய்யாவிடம் எவ்வளவோ சொல்லி அழுதுவிட்டேன். அய்யா எனக்கு ஒன்றும் சொல்லவில்லையே, ஏன்?" என்பார்கள். வெளிநாடு போன மகனிடமிருந்து சேதி வராத தாய் கேட்பார். கடனில் மாட்டிக்கொண்ட கடைக்காரர் கேட்பார். பரீட்சையில் தோற்ற பிள்ளை கேட்கும்.

அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? நானே பல வருடம் இதே கேள்வியோடு அலைந்தவன்தான். அய்யா எனக்குக் கற்றுத்தந்ததை, மறைக்காமல், உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கரையில் காத்திருந்த தாய்

திருஏடு வாசிப்புக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வரலாறு புதிது அல்ல. கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம். நோயால் நலிந்து கிடந்த மகனைத் தாய் வெயிலாள் உறவினர் துணையோடு திருச்செந்தூருக்குக் கொண்டு போகிறார். நடக்க முடியாத மகன் அங்கே எழுந்து நடக்கிறார். கடலுக்குள் போகிறார். போனவரைக் காணவில்லை. தாய் கரையில் காத்திருக்கிறார். மாசி 20-ஆம் நாள், கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளுகிறார்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். அந்த நாட்களில் கரையில் இருந்த தாய்க்கு என்ன கேட்டிருக்கும்? அலைச்சத்தம் கேட்டிருக்கும். "இனிமேல் எங்கே வரப்போகிறான், வா வீட்டுக்குப் போவோம்" என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னது கேட்டிருக்கும். தன் அழுகை தனக்கே கேட்டிருக்கும். மகனின் குரல் மட்டும் கேட்டிருக்காது.

ஆனால் அதே நேரத்தில் கடலுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? நாராயணர் தம் மகனுக்கு விஞ்சை அருளிக்கொண்டிருந்தார். கலியை எப்படி அழிப்பது, மக்களை எப்படிக் காப்பது, எதையெல்லாம் பொறுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யுகத்தையே மாற்றப்போகிற பேச்சு அங்கே நடந்தது. கரையில் இருந்த ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பதால் பேச்சு நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? நம் வீட்டிலும் அப்படித்தான். அய்யா மௌனமாக இருக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். நாம் நிற்பது கரையில். நம் காதில் விழுவது அலையும் அழுகையும் அயலார் பேச்சும்தான்.

தவம் என்னும் அமைதி

திருச்செந்தூரிலிருந்து தெச்சணம் வந்த அய்யா முதலில் என்ன செய்தார்? கூட்டம் கூட்டிப் பேசவில்லை. பூவண்டன்தோப்பில் தவத்தில் இருந்தார். முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு வருடம் தரைமட்டத்தில். கடைசி இரண்டு வருடம் உயர்ந்த பீடத்தில். மொத்தம் ஆறு வருடம். அந்த இடத்தைத்தான் இன்று சுவாமிதோப்புப் பதியின் வடக்கு வாசல் என்று வணங்குகிறோம்.

அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம் என்பது நமக்குத் தெரியும். நம் முன்னோர் தோளில் துண்டு போட முடியாது. நம் தாய்மார் மாறு மறைக்க முடியாது. பனைமரத்துக்கும் தாலிக்கும் வரி கட்டின காலம். அப்படி அவசரமான நேரத்தில், மக்களைக் காக்க வந்த அய்யா, முதல் ஆறு வருடத்தைத் தவத்துக்குக் கொடுத்தார். நமக்கோ ஒரு சின்ன மனத்தாங்கல் வந்துவிட்டால் பத்து நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை. உடனே நாலு பேரிடம் போனில் சொல்லியாக வேண்டும்.

அய்யாவைப் பிடித்துக்கொண்டு போய் அரசன் முன்னால் நிறுத்தினார்கள். அரசன் தன் மோதிரத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, "என் கையில் இருப்பது என்ன, சொல்" என்று சோதித்தான். எல்லாம் அறிந்த அய்யாவுக்கு அது தெரியாதா? ஆனாலும் அய்யா பதில் சொல்லவில்லை. அரசனின் வேடிக்கைக்கு விடை சொல்ல அவர் வரவில்லை. பிறகு சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை இருந்தார். பசித்த புலியின் முன்னே விட்டார்கள். புலி அய்யாவின் முன் பணிந்து கிடந்தது.

இதிலே எனக்கு ஒரு பாடம் உண்டு. நாமும் சில நேரம் அந்த அரசனைப் போலத்தான் அய்யாவிடம் போகிறோம். மனதில் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, "நீர் உண்மையான தெய்வம் என்றால் இதைச் சொல்லும் பார்ப்போம்" என்று நிற்கிறோம். அப்படி நிற்பவனுக்கு அய்யா அன்றும் பதில் சொல்லவில்லை. இன்றும் சொல்லமாட்டார்.

தாமரைகுளத்தில் அரிகோபாலன் சீடரை நினைத்துப் பாருங்கள். கொல்லம் 1016 கார்த்திகை 27-ஆம் நாள் அகிலத்திரட்டு அம்மானை ஏட்டில் எழுதத் தொடங்கினார். உறங்கிக் கிடந்தவரை அய்யா எழுப்பி எழுதச் சொன்னதாக ஏடே சொல்கிறது. இது என் புத்தியால் எழுதியது அல்ல, அவர் சொல்ல நான் எழுதினேன் என்று தம்மை மிகவும் தாழ்த்திக்கொள்கிறார். ஊர் அடங்கிய நேரம், தன்னைத் தாழ்த்திய மனம். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நமக்குத் திருஏடு கிடைத்தது.

என் கதை

இனி என் கதையைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்காவது உதவும் என்றால் வெட்கம் எதற்கு?

எங்கள் அப்பா விட்டுப்போனது நாற்பது சென்ட் தென்னந்தோப்பு. அண்ணனும் நானும் பங்கு வைத்துக்கொண்டோம். என் பங்குக்குப் போகும் நடைபாதையில் பிரச்சினை வந்தது. அண்ணன் ஒருநாள் வேலி போட்டு அடைத்துவிட்டார். நான் போய்ச் சத்தம் போட்டேன். அண்ணனும் பேசினார், நானும் பேசினேன். பேசக்கூடாததை எல்லாம் பேசினோம். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஒரே தெருவில் இருந்தும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மா என்னோடு இருந்தார். அதனால் அண்ணன் அம்மாவைப் பார்க்கக்கூட என் வீட்டுப் படி ஏறவில்லை.

இந்த ஒன்பது வருடமும் நான் தாங்கலில் பணிவிடை செய்துகொண்டுதான் இருந்தேன். தலைப்பாகை கட்டினேன், திருநாமம் இட்டேன், உகப்படிப்புப் படித்தேன். வாய் அய்யாவைப் போற்றியது. நெஞ்சுக்குள் வேலி வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அய்யா ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று கணக்குக் கேட்கப் போனேன். ஓர் இடத்தில், "உன் பக்கம் நியாயம் உண்டு, பொறுத்திரு" என்று வந்தது. நியாயம் உண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பொறுத்திரு என்பதை விட்டுவிட்டேன். இன்னோர் இடத்தில், "அடைத்ததை நீ திற" என்று வந்தது. அடைத்தது அண்ணன்தானே, என்னைப் போய்ச் சொல்கிறதே என்று கோபத்தோடு திரும்பினேன். கணக்குக் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. குறை என்னிடம்தான். நான் தேடிப்போனது அய்யாவின் கணக்கை அல்ல. என் கணக்குக்கு அய்யாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டேன்.

அந்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். எங்கள் தாங்கலில் அப்போது மூத்த பணிவிடைக்காரர் ஒருவர் இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். ஒருநாள் உச்சிப்படிப்பு முடிந்ததும் அவரிடம் என் மனக்குறையைக் கொட்டினேன். "தாத்தா, ஒன்பது வருசமா அய்யாகிட்ட கேட்கேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்காரே" என்றேன்.

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மக்களே, நீ ஒன்பது வருசமா பேசிக்கிட்டே இருக்க. அவரு எப்ப பேசுவாரு?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "நாளையில இருந்து விடியக்காலம் நீ வந்து பள்ளியறைக் கண்ணாடியத் துடை. துடைச்சிட்டு முன்னால இரி. ஒண்ணும் கேட்காத. அண்ணன் பேரச் சொல்லாத, வேலியப் பத்திச் சொல்லாத. சும்மா இரி. ஒரு மாசம் இருந்து பாரு."

கண்ணாடி முன்னால்

மறுநாள் தொடங்கினேன். நம் பதிகளிலும் தாங்கல்களிலும் சிலை கிடையாது. கண்ணாடியும் விளக்கும்தான். வணங்கப் போகிறவன் கண்ணாடியில் தன்னைத்தான் பார்க்கிறான். உனக்குள் இருக்கும் பரம்பொருளைப் பார் என்பது பொருள். நானும் இதை எத்தனையோ பேருக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் விடியற்காலம் ஆளில்லாத நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஒன்றும் கேட்காமல் அதன் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அங்கே நான் கண்டது பரம்பொருளை அல்ல. தாடை இறுகிப்போன ஒரு மனிதனைக் கண்டேன்.

முதல் வாரம் உட்காரவே முடியவில்லை. உடம்பு அடங்கினால் மனம் அடங்கவில்லை. அண்ணன் சொன்ன சொல், நான் சொன்ன பதில், சொல்லியிருக்கவேண்டிய பதில், எல்லாம் வந்தது. வாயை மூடின பிறகுதான் உள்ளே எவ்வளவு இரைச்சல் என்று தெரிந்தது. தாத்தாவிடம் போய், "எனக்கு இது வராது" என்றேன். "கலங்கின கிணத்துத் தண்ணியக் கையை விட்டுத் தெளிய வைக்க முடியுமா மக்களே? விட்டுரு, தானா தெளியும்" என்றார்.

அதற்குப் பிறகு மனதோடு சண்டை போடுவதை விட்டேன். நினைப்பு வந்தால் வரட்டும் என்று இருந்தேன். மூச்சோடு சிவ சிவ என்று மெல்லச் சொன்னேன். சில நாள் அப்படியே உறங்கியும் விட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒருநாள், வெளியே காக்கை கரைந்தது என் காதில் விழுந்தது. தென்னை ஓலை அசைகிற சத்தம் கேட்டது. இருபது வருடமாக அதே இடத்தில் இருந்தும் அன்றுதான் அவற்றைக் கேட்டேன். அன்றைக்கு அய்யா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காது இருப்பது தெரிந்தது.

கரண்டு போன இரவு

அந்தச் சமயம் எங்கள் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. மைக்செட் போட்டு, ஊருக்கே கேட்கும்படி வைத்திருந்தோம். மைக்செட் ஆளோடு பேசுவதும், பாய் விரிப்பதும், வருகிறவர்களைக் கவனிப்பதும் என் வேலை. வருடா வருடம் வாசிப்பு நடந்தது. ஆனால் நான் உட்கார்ந்து கேட்டதில்லை.

அவதாரம் வாசிக்கிற அன்று இரவு கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டரும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு ஏடு வாசிப்பவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, சொந்தக் குரலில் வாசிக்கத் தொடங்கினார். அது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. எல்லாரும் நெருங்கி முன்னால் வந்து உட்கார்ந்தோம். பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. செய்வதற்கு வேலை இல்லாததால் நானும் உட்கார்ந்தேன்.

தாய் வெயிலாள் கடற்கரையில் மகனுக்காகக் காத்திருக்கிற இடம் வந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை காதில் விழுந்த இடம். அன்றைக்கு அது என் நெஞ்சில் வந்து நின்றது. "உன் தாயும் மகனுக்காகக் காத்துக் கிடக்கிறாள்."

யாரும் என் காதில் பேசவில்லை. வெளிச்சம் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் நான் ஒன்பது வருடமாக யோசித்தது எல்லாம் பாதையைப் பற்றித்தான். அம்மாவைப் பற்றி நான் ஒருமுறைகூட அப்படி நினைத்ததில்லை. தினமும் சாயங்காலம் வாசல் பக்கம் தலையைத் திருப்பிப் படுத்திருப்பார். காற்றுக்காக என்று நினைத்தேன்.

அப்படியும் உடனே நான் போகவில்லை. இது என் மனமே சொல்வதாக இருக்கலாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் வந்தது, போனது. வெட்கம் வந்தது, போனது. அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். மைனிதான் முதலில் பார்த்தார். கையில் இருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் வந்தார். நான், "அம்மா உன்னத் தேடுதாங்க அண்ணே" என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. அண்ணனும் ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலம் நான் தாங்கலில் கண்ணாடி துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அம்மாவின் கட்டில் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அம்மா நான்கு மாதம் இருந்தார். வைகுண்டம் போனபோது அண்ணனும் நானும் சேர்ந்துதான் அம்மாவை வடக்கு நோக்கி இருத்தி அடக்கம் செய்தோம். பாதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நான் சுற்றித்தான் தோப்புக்குப் போகிறேன். நான் கேட்ட கேள்விக்கு அய்யா இன்றுவரை பதில் சொல்லவில்லை. நான் கேட்காமல் விட்ட கேள்விக்குச் சொன்னார். அந்த நான்கு மாதத்தை எனக்குத் தந்தது அதுதான்.

எது அய்யாவின் குரல்?

இதைக் கேட்ட இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். "மனசுல தோணுறது எல்லாம் அய்யா சொல்றதுன்னு எடுத்துக்கலாமா மாமா?" நல்ல கேள்வி. எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் மனமும் பேசும். ஆசையும் பேசும். பயமும் பேசும். கலியும் இனிமையாகப் பேசும். பிரித்துப் பார்க்க நான் கைக்கொள்ளும் சில அடையாளங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அது தர்மத்தோடு ஒத்துப்போகிறதா? தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதுதான் அய்யா காட்டிய தர்மம். ஒருவரைத் தாழ்த்தச் சொல்கிற, ஒருவர் வயிற்றில் அடிக்கச் சொல்கிற, சாதி பார்க்கச் சொல்கிற எந்தக் குரலும் அய்யாவின் குரல் ஆகாது. அதற்கு யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது, அது யாரைத் திருந்தச் சொல்கிறது? என் மனம் பேசினால் எப்போதும் அடுத்தவனைத் திருத்தச் சொல்லும். அய்யா பேசினால் என்னை எழுந்து நடக்கச் சொல்கிறார்.

மூன்றாவது, பொறுத்துப் பார்த்தால் நிற்கிறதா? கோபத்தில் வந்தது கோபத்தோடு போய்விடும். ஆசையில் வந்தது அவசரப்படுத்தும். "இப்போதே செய், யாரிடமும் கேட்காதே" என்று விரட்டும். அய்யா விஞ்சையில் மகனுக்கு அதிகம் சொன்னது பொறுதியைத்தான். பொறுக்கச் சொல்கிறவரின் வார்த்தை இரண்டு நாளில் கெட்டுப்போகாது.

நான்காவது, அதைச் சொல்லிப் பெருமைப்படத் தோன்றுகிறதா? "அய்யா என்னிடம் பேசினார், உன்னிடம் பேசவில்லை" என்று மார்தட்டத் தோன்றினால் எச்சரிக்கையாக இருங்கள். அரிகோபாலன் சீடர் இவ்வளவு பெரிய ஏட்டை எழுதியும் தம்மைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் சொல்வது நெஞ்சில் தெளிகிற ஒரு வார்த்தையை. காதில் ஓயாமல் குரல் கேட்டு, உறக்கம் இல்லாமல், பயந்து அலைக்கழிகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பேய் என்றும் சாமி என்றும் சொல்லி வீட்டில் அடைத்து வைக்காதீர்கள். பேய்ப் பயத்தைப் போக்க வந்தவர் அய்யா. தாங்கலுக்கும் அழைத்து வாருங்கள், மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். மருந்து கொடுப்பதும் தர்மம்தான்.

வீட்டில் தொடங்குங்கள்

இதற்காக ஆறடிக் குழி தோண்ட வேண்டியதில்லை. அந்தப் பாரத்தை அய்யா நமக்காகச் சுமந்துவிட்டார். நாம் செய்யக்கூடியது மிகச் சிறிது.

விடியற்காலம் எழுந்து குளித்துத் திருநாமம் இட்டு, வீட்டு விளக்கின் முன்னாலோ தாங்கலிலோ உட்காருங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். வழக்கமாகப் படிக்கும் படிப்பைப் படியுங்கள். படித்து முடித்ததும் உடனே எழுந்து ஓடாதீர்கள். நாம் எல்லாரும் தவறுவது அங்கேதான். நம் பேச்சு முடிந்ததும் எழுந்துவிடுகிறோம். ஒருவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று பத்து விஷயம் சொல்லிவிட்டு, அவர் வாய் திறக்கும் முன்பே திரும்பி வந்தால் அது எப்படி? பத்து நிமிடம் இருங்கள். ஒன்றும் கேட்காமல் இருங்கள்.

மனம் ஓடும். ஓடட்டும். சிவ சிவ என்ற நாமத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் கேட்காமல் ஒரு மாதம் போகலாம். ஒரு வருடமும் போகலாம். அது வீண் அல்ல. கண்ணாடியைத் துடைத்தவுடன் முகம் தெரியும் என்று இல்லை. விடியவும் வேண்டும் அல்லவா?

உட்கார நேரம் இல்லாத தாய்மார் உண்டு. விடியற்காலம் சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வருந்தவேண்டாம். துவையல் பந்தியில் இருந்த எழுநூறு குடும்பங்களை நினையுங்கள். கடற்கரையில் துணி துவைத்து, கிடைத்ததை உண்டு, துவைக்கிற வேலையையே தவமாகச் செய்தார்கள். பாத்திரம் கழுவும்போது ஒரு பத்து நிமிடம் டிவியை அணைத்துவிட்டு, அய்யாவை நினைத்துக்கொண்டு கழுவுங்கள். அதுவும் தவம்தான். நானும் தாங்கலில் தர்மத்துக்கு அரிசி களையும்போதுதான் பல விஷயங்களில் தெளிவு பெற்றிருக்கிறேன்.

கேட்டுவிட்டால் ஒன்று மட்டும் தவறாதீர்கள். கேட்டதைச் செய்துவிடுங்கள். கேட்டும் செய்யாதவனுக்கு அடுத்த வார்த்தை வர நாளாகும். அது பெரும்பாலும் பெரிய காரியமாக இருக்காது. ஒரு வீட்டு வாசல் வரை நடப்பதாக இருக்கும். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதாக இருக்கும். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதாக இருக்கும். சின்னதுதான். ஆனால் கால் எழும்பாது. அதற்கான பலத்தையும் அய்யாவிடமே கேளுங்கள். அதை மட்டும் தாராளமாகக் கேட்கலாம்.

எண்பது வயது கடந்த அந்தத் தாத்தா இன்று இல்லை. விடியற்காலம் கண்ணாடி துடைக்கும் வேலையை நான் தொடர்ந்து செய்கிறேன். இப்போதும் சில நாள் இரைச்சல்தான். சில நாள் தென்னை ஓலைச் சத்தம் மட்டும்தான். எப்போதாவது ஒரு வார்த்தை வரும். ஞாயிற்றுக்கிழமை பணிவிடைக்கு அண்ணனும் வருவார். நாங்கள் இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. படிப்பு முடிந்து, இனிமம் வாங்கிக்கொண்டு, முற்றத்தில் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பிறகு அவர் அவர் வழியில் போவார், நான் சுற்றுவழியில் தோப்புக்குப் போவேன்.

அன்புக்கொடி மக்களே, உங்கள் வீட்டு வாசலைப் பார்த்து யாராவது காத்திருக்கிறார்களா என்று நாளை விடியற்காலம் அய்யாவின் முன் அமைதியாக இருந்து பாருங்கள். நீங்கள் கேட்கவேண்டாம். அய்யா சொல்வார்.

எல்லாரையும் அய்யா பொறுத்துக் காத்து அருள்வாராக.

அய்யா உண்டு.